பிரிட்டனிலிருந்து அமெரிக்கா போக நினைக்கும் நர்ஸ்களே, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: என் 3,850 பவுண்டு போன கதை

நேற்று சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. சேவை ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது. இத்துடன் இந்தப் புகார் முடித்துவைக்கப்படுகிறது." கீழே ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. 'வாடிக்கையாளர் குழு' என்று மட்டும் இருந்தது.

3,850 பவுண்டு. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். பேண்ட் 5 (இங்கே நர்ஸ்களின் தொடக்கச் சம்பளப் படிநிலை) நர்ஸ் ஒருத்திக்கு வரி, பென்ஷன் பிடித்தமெல்லாம் போக ஒன்றரை மாதத்துக்கும் மேலான சம்பளம். அதை வாங்கிக்கொண்டு 'முடித்துவைக்கப்படுகிறது' என்கிறார்கள். யார் முடிப்பது?

ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் இருக்கிறது, அதற்கு முன் அவர்கள் கையில் ஒரு ஆயுதத்தைக் கொடுக்க விருப்பமில்லை. பிரிட்டனில் வேலை செய்யும் வெளிநாட்டு நர்ஸ்களைப் பிடித்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆன்லைனில் கூட்டம் நடத்தும் வகை ஏஜென்சி. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நான் நாகர்கோவிலில் பிறந்தவள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, 2018-ல் இங்கே வந்து, ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறி, நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி.யில் பதிவு வாங்கி, மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு பெரிய என்.எச்.எஸ். (அரசு) மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். போன வருடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. பிறகு ஏன் அமெரிக்கா என்று கேட்பீர்கள். 2025-26 கணக்குப்படி இங்கிலாந்தில் பேண்ட் 5 சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டில் தொடங்கி 37,796-ல் நின்றுவிடும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்கிற கணக்கில், 2024 மே மாதம் அங்கே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஒருவரின் நடுமட்டச் சம்பளம் 93,600 டாலர், அதாவது சுமார் எழுபதாயிரம் பவுண்டு. அங்கே இன்சூரன்ஸ் செலவு உண்டு, லீவு குறைவு, எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஆசைப்பட்டேன்.

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கு எழுத வேண்டிய என்கிளெக்ஸ் பரீட்சையை எந்த ஏஜென்சி உதவியும் இல்லாமல் நானே படித்து லண்டனில் எழுதிப் பாஸ் ஆனேன். பதிவுக்கு 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னொரு 150 டாலர், அதற்கு மேல் வரி. இதைச் சொல்லக் காரணம், என்கிளெக்ஸ் பாஸ் ஆன ஆளைத்தான் இவர்கள் வலைபோட்டுத் தேடுகிறார்கள். ஒரு ஆன்லைன் கூட்டத்தில் 'பாஸ்' என்று டைப் செய்த மறுநாளே எனக்கு போன் வந்தது.

பேசியது ஒரு தமிழ்ப் பையன். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?" நாகர்கோவில் என்றேன். "அட, எனக்கு மார்த்தாண்டம் அக்கா! அப்போ நம்ம ஆளு." இந்த ஊரில் ஒருத்தர் அந்தக் குரலில் அக்கா என்று கூப்பிட்டால் மனசு இளகத்தான் செய்யும். அப்படியும் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இங்கே கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸில் அவர்கள் கம்பெனி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ரிவ்யூ பார்த்தேன், ஐந்து நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அடுத்த போனில் நேராகவே கேட்டேன்: "தம்பி, இந்தியாக்காரங்களுக்கு கிரீன் கார்டு வரிசை வருஷக்கணக்கா நிக்குதுன்னு சொல்றாங்களே. எனக்கும் அது வருமா?"

அவன் சிரித்தான். "அக்கா, உங்க கையில பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு. நீங்க யு.கே. கணக்குல போறீங்க. இந்தியா கியூ உங்களுக்கு எதுக்கு? பதினெட்டு மாசம், மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம். பையன் எத்தனாவது படிக்கிறான்? டெக்சாஸ்ல ஸ்கூல் ஆகஸ்ட்லயே தொடங்கிடும், அதுக்கேத்த மாதிரி ப்ளான் பண்ணுங்க." பையனின் ஸ்கூல் வரைக்கும் யோசித்துப் பேசுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அன்று ராத்திரி நானும் என் கணவரும் ஹூஸ்டனில் வீட்டு வாடகை என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் அனுப்பிய முதல் விண்ணப்பப் படிவத்திலேயே 'பிறந்த நாடு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இந்தியா' என்று நிரப்பித்தான் அனுப்பினேன். அது கைக்கு வந்த பிறகுதான் பணம் கேட்டார்கள்.

முதலில் 1,350, ஒப்பந்தம் கையெழுத்தானதும் 2,500. மொத்தம் 3,850 பவுண்டு. கிரெடிட் கார்டில் கட்டுகிறேன் என்றேன். "கார்டுன்னா மூணு சதவீதம் கூட வரும் அக்கா, நேரா அக்கவுண்ட்டுக்கே போட்டுடுங்க." சாதாரண ஜனங்களிடம் கார்டுக்கென்று தனிக் கட்டணம் வாங்குவதை இந்த நாட்டில் 2018 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். அதுவும் பொய்தான்.

பணம் போன பிறகு ஒரு ஜூம் இன்டர்வியூ நடந்தது. ஆஃபர் லெட்டர் வந்தது. குதித்தேன். அமெரிக்காவில் அந்த மருத்துவமனைக்காக மனு போடும் வக்கீல் அலுவலகம் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது, நிரப்பி அனுப்பினேன். அங்கிருந்து வந்த பதில் இரண்டே வரி: நீங்கள் இந்தியாவில் பிறந்தவர், ஆகவே இந்திய வரிசையில்தான் வருவீர்கள், இப்போது 2013-ல் மனு போட்டவர்களுக்கே விசா கிடைத்துக்கொண்டிருக்கிறது, இருந்தும் தொடர விருப்பமா?

விஷயம் இதுதான். அமெரிக்காவில் நர்ஸ்கள் பெரும்பாலும் ஈபி-3 என்ற கிரீன் கார்டு பிரிவில்தான் போகிறார்கள். 'ஷெட்யூல் ஏ' என்ற பட்டியலில் நர்ஸ் வேலை இருப்பதால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று மருத்துவமனை நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. சலுகை அவ்வளவுதான், வரிசையில் முன்னால் எல்லாம் விட மாட்டார்கள். ஒரு நாட்டுக்கு வருடத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வேறு. எந்த நாடு என்பதைப் பிறந்த மண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், பாஸ்போர்ட்டை வைத்து அல்ல. நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்ன, பத்து நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினாலும் அவர்களுக்கு நாகர்கோவில்காரிதான். வரிசை எந்தத் தேதிவரை நகர்ந்திருக்கிறது என்று சொல்லும் விசா புல்லட்டினில், 2025 கடைசியில், இந்திய ஈபி-3 இன்னும் 2013-ஐத் தாண்டவில்லை. பிரிட்டனில் பிறந்தவர்கள் வருகிற பொது வரிசையே 2023-ல் நின்றது. அப்படியென்றால் 'பதினெட்டு மாசம்' என்பது இங்கே பிறந்தவர்களுக்கும் பொய். ஒரு முக்கிய விதிவிலக்கு, கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவர்கள் நாட்டுக் கணக்கில் போகலாம். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ பிறந்த ஆளைக் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். என் கணவர் பிறந்தது தக்கலையில்.

நர்ஸ் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது சமாளிப்பு. அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "அது டெம்ப்ளேட் மெயில் அக்கா, எல்லாருக்கும் போறதுதான், விடுங்க." விடவில்லை. அடுத்த வாரம், "உங்க பையன் இங்கேதானே பிறந்தான்? அவன் பேர்ல யு.கே. கணக்குக்கு மாத்திடலாம்." வக்கீல் அலுவலகத்தைக் கேட்டால், அப்பா அம்மா பிறந்த நாட்டைப் பிள்ளை எடுத்துக்கொள்ளலாம், பிள்ளை பிறந்த நாட்டை அப்பா அம்மா எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அதன் பிறகு எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவைச் சொல்லி ஒரு புதுக் கதை. வார்டில் வேலை செய்யும் சாதாரண ஆர்.என். பணிக்கு எச்-1பி கிடைப்பதே அபூர்வம். இதில் 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு வேறு போட்டிருக்கிறார்கள். எனக்காக எந்த மருத்துவமனை ஒரு லட்சம் டாலர் கட்டப்போகிறது?

பணத்தைத் திருப்பிக் கேட்ட நிமிஷத்திலிருந்து 'அக்கா' போய் 'மேடம்' ஆனேன். பிறகு அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவன் இடத்துக்கு வந்த மேனேஜர் அம்மா ஒவ்வொரு தடவையும் ஃபைல் லீகல் டீமிடம் இருக்கிறது என்பார். லீகல் டீமுக்கு நம்பர் கேட்டால் கிடையாது. கடைசியில், விசா விதிகள் அமெரிக்க அரசின் கையில் இருப்பவை, அதற்கு எங்களைப் பொறுப்பாக்க முடியாது என்று ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை வெட்டி ஒட்டி அனுப்பினார். விதி மாறியிருந்தால் சரி. பிறந்த நாட்டைப் பார்க்கும் விதி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

வேலையை விட்டுப் போனதாகச் சொன்ன அந்தப் பையன் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் பேசியிருக்கிறான். என் தோழி ஒருத்தி திருச்சிக்காரி, அவளுக்கும் போன் வந்தது. அவளிடம் அவன் சொன்ன ஊர் ஸ்ரீரங்கம்!

வங்கிக்குப் போனேன். வங்கிப் பரிமாற்றத்தில் ஏமாந்தவர்களுக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் கம்பெனி நிஜமாகவே இருக்கிறது, இன்டர்வியூ நடந்திருக்கிறது, ஆகவே இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஜூம் இன்டர்வியூவை எதற்கு வைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கார்டில் கட்டியிருந்தால் 1974-ஆம் ஆண்டு கடன் சட்டத்தின் 75-வது பிரிவில் கார்டு கம்பெனியையே கேட்டிருக்கலாம். மூன்று சதவீதக் கதை அதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடமே காசு வாங்கக் கூடாது என்று பிரிட்டனில் 1973-லிருந்தே சட்டம் இருக்கிறது. சினிமா, மாடலிங் போன்ற சில துறைகளுக்குத்தான் விலக்கு. அதனால் என் ரசீதில் 'வேலை' என்ற பேச்சே கிடையாது. 'குடியேற்ற ஆவணத் தயாரிப்பு ஆலோசனை' என்று போட்டிருக்கிறார்கள். என்ன ஆவணம் தயாரித்தார்கள் என்று கேட்டதற்கு, நான் அனுப்பிய சர்டிபிகேட்டுகளையே ஒரு பி.டி.எஃப்.-ஆகச் சேர்த்து எனக்கே அனுப்பினார்கள். 3,850 பவுண்டு பி.டி.எஃப்.

நான் மட்டும் இல்லை. என் வார்டில் இங்கேயே பிறந்து இங்கேயே படித்த ஒரு பெண்ணும் இதே ஏஜென்சியில் கட்டியிருக்கிறாள். அவளுக்குப் பிறந்த நாட்டுப் பிரச்சினை இல்லை, படிப்பில் மாட்டிக்கொண்டாள். பிரிட்டனில் நர்சிங் படிப்பே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு கிளையாகப் பிரிந்திருக்கிறது. லைசென்ஸ் தரும் அமெரிக்க மாநில நர்சிங் போர்டுகள் பொதுவாகப் பிரசவம், குழந்தைகள், மனநலம் எல்லாவற்றிலும் வகுப்பும் வார்டு பயிற்சியும் காட்டச் சொல்கின்றன. நம் ஊர் பி.எஸ்சி.யில் அதெல்லாம் உண்டு. அவளிடம் இல்லை, போர்டு திருப்பி அனுப்பிவிட்டது. பணம் வாங்கும்போது அவளுடைய மார்க் ஷீட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளிடமும் அதே 3,850.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நைட் டூட்டிக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். இந்தியாவில் பிறந்திருந்தால், வேறெதையும் கேட்பதற்கு முன் அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் போடும் விசா புல்லட்டினில் இந்தியா ஈபி-3 தேதியைப் பாருங்கள். இலவசம்தான். என்.எச்.எஸ்.-இல் வேலை பார்ப்பதால் இங்கிலீஷ் பரீட்சை தேவையில்லை என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், எனக்கும் சொன்னார்கள். வெளிநாட்டு நர்ஸ்களுக்கு விசா கிடைக்கத் தேவையான விசாஸ்கிரீன் சான்றிதழுக்கு எங்கே படித்தீர்கள் என்பதுதான் கணக்கு, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பது இல்லை. இங்கே படித்தவர்கள் முதலில் மாநில போர்டு கேட்கும் பயிற்சி மணி நேரங்களைப் பாருங்கள். அக்கவுண்ட்டுக்கு நேராகப் பணம் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இதே மாதிரி 'நம்ம ஊரு' தம்பி உங்களிடமும் பேசியிருந்தால், பணம் கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், எனக்குத் தனியாக எழுதுங்கள். அவன் உங்களிடம் எந்த ஊர் என்று சொன்னான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் புகாரையும் வழக்கையும் சேர்ந்தே போடலாம்.