கியோட்டோ வீட்டுச் சமையல் வகுப்பு: தாஷிக்காகவே போகலாம்

சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், தாஷிமாக்கி என்ற முட்டைச் சுருள், ஒரு காய். மூன்று மணி நேர வகுப்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் தாஷியை, அதாவது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாற்றை, பாக்கெட் தூளில் கரைக்காமல் கண்ணெதிரே தயாரிக்கிறார்கள். எந்த வகுப்பானாலும் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு, அதாவது உலர்ந்த கடற்பாசி. அதைக் கழுவக் கூடாது. மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியில்தான் ருசி. அரை மணி நேரம் ஊறியதும் சிறு தீயில் வைத்து, அடியில் குமிழி கிளம்பும்போதே கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் பாசி நெடியும் இறங்கிவிடும். பிறகு தண்ணீரைக் கொதி வரவிட்டு அடுப்பை அணைத்து, 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலைப் போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் துணியில் வடிக்கிறார்கள். நம் மாசிக்கருவாடு செய்கிற அதே சூரை மீன்தான் இது. புளி கரைத்துப் பழகிய கை சக்கையைப் பிழியப் போகும். பிழிந்தால் கலங்கிக் கசக்கும்.

முட்டைச் சுருளுக்கு 3 முட்டை, 60 மில்லி தாஷி, அரைத் தேக்கரண்டி உசுகுச்சி சோயா சாஸ். இந்த சோயா நிறத்தில்தான் வெளுப்பு, உப்பு சாதாரண சோயாவைவிடத் தூக்கல். முட்டையை நுரைக்க அடித்தால் சுருளில் ஓட்டை விழும். சதுரச் சட்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உடனே சீறினால்தான் ஊற்ற வேண்டும். சூடு போதாவிட்டால் ஒட்டும். பாதி வெந்ததும் சுருட்டி ஓரம் தள்ளி, எண்ணெய் தடவி, சுருளைத் தூக்கி அடியிலும் ஓடவிட்டு அடுத்த அடுக்கு. முதல் சுருட்டு கிழிந்தால் கவலை வேண்டாம், அடுத்தது மூடிவிடும். குறை என்னவென்றால், நான்கு பேருக்கு ஒரே சட்டி. ஆளுக்கு ஒரு சுருட்டுதான் வாய்க்கும், கை படியாது.

மிசோவுக்கு அளவே சொல்லவில்லை, எல்லாம் கண்திட்டம். சாதாரண மிசோ என்றால் ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கியோட்டோவின் வெள்ளை மிசோ இனிப்பு, உப்பும் குறைவு, அதனால் கூடுதலாக வேண்டும். எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும்.

சைவர்கள் "மீன் சாப்பிட மாட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், தாஷியிலும் கட்சுவோபுஷி கூடாது என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். பதிலுக்குப் போடும் உலர் ஷிட்டாக்கே காளானைக் குளிர்நீரில் இரவெல்லாம் ஊறவைத்தால்தான் சாறு நன்றாக இறங்கும். வாசலில் நின்று சொன்னால் பயனில்லை. மிரின் என்ற இனிப்பான சமையல் திரவத்தில் மதுச்சத்து உண்டு, தவிர்ப்பவர்கள் அதையும் சொல்லிவிடவும்.

ஊர் திரும்பிச் செய்யும்போது தண்ணீரைக் கவனியுங்கள். கியோட்டோ தண்ணீர் மென்மையானது. போர்வெல் கடின நீரில் கொம்பின் ருசி சரியாக இறங்காது, ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். கொம்பு வாங்குவதானால் கியோட்டோ சமையல்காரர்கள் விரும்புவது ரிஷிரி வகை. கட்சுவோபுஷி பாக்கெட்டைப் பிரித்தால் மணம் சீக்கிரம் போய்விடும், சிறு பாக்கெட்டுகளாகவே வாங்குங்கள்.