பழைய புத்தகம் என்று சொல்லி 480 வெள்ளியை (ரிங்கிட்) சுருட்டிவிட்டான், உஷார்!

கோலாலம்பூரில் ஆன்லைனில் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். இன்று காலைதான் எனக்குப் புத்தகம் விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்தான். கை இன்னும் நடுங்குகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவல் என்றால் செந்தூலில் இருக்கும் என் அத்தைக்கு உயிர். 19 வயதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு காதலன் வென்ட்வொர்த்தை வேண்டாம் என்று சொன்ன ஆன், எட்டு வருஷம் கழித்து அவரை மறுபடி சந்திக்கும் கதை. மேக்மில்லன் பதிப்பகம் 1897இல் ஹியூ தாம்சன் வரைந்த படங்களோடு அதைப் போட்டது. பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் அந்தப் பதிப்பு 480 வெள்ளிக்கு இருந்தது. அத்தையின் பிறந்தநாளுக்குக் கொடுக்க நினைத்தேன்.

"தம்பி, 24 அத்தியாயமும் இருக்கிறதா? வென்ட்வொர்த் ஆனுக்கு எழுதும் கடிதம் வரும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டேன். உடனே அனுப்பினான். பழுப்பேறிய தாள், ஓரத்தில் பென்சில் கோடு, எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நானும் தமிழன்தான். நம்ம ஆளுங்கள ஏமாத்துவேனா? தளத்துல போனா கமிஷன் புடிச்சிருவான், நேரா என் அக்கவுண்ட்ல போட்டுருங்க." பின்னால் ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம். அந்தக் குரலை நம்பித்தான் 480 வெள்ளியை அனுப்பினேன்.

வந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பு. முதல் பக்கத்தில் 1897 என்று போட்ட ஜெராக்ஸ் தாளை ஒட்டியிருந்தான், கோந்து வாசனை கூடப் போகவில்லை. பின் அட்டையில் விலைச்சீட்டைப் பிய்த்த தடம். அசல் 1897 பதிப்பில் ஆஸ்டினின் இன்னொரு நாவலான 'நார்தாங்கர் அபே'யும் சேர்ந்தே இருக்கும், இதில் அது இல்லவே இல்லை. வென்ட்வொர்த்தின் கடிதம்? மூன்றே வரி! அந்தக் கடிதத்துக்காகத்தானே இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்? வயிறு எரிகிறது.

கேட்டால், "பழைய புத்தகம் அப்படித்தான்க்கா இருக்கும்." அப்புறம், "கூரியர்காரன் மாத்திட்டான்." அப்புறம், "நான் வெளியூர்ல இருக்கேன், வந்து பேசுறேன்." கடைசியில் பிளாக். தளத்துக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் புகாரை மூடிவிட்டார்கள். 480 வெள்ளிக்கு அவ்வளவுதான் மரியாதை.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். போடுமுன் போலீஸின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் அக்கவுண்ட் நம்பரைத் தட்டி, அதன் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு போன் அடியுங்கள், அப்படியே போலீஸ் ரிப்போர்ட்டும் போடுங்கள். புத்தகத்தை வீடியோ காலில் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள், படத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அதே பென்சில் கோடு போட்ட படம் இப்போது வேறு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 520 வெள்ளி. வாங்காதீர்கள்!