கற்பூரமா, வசம்பா, நீலகிரி தைலமா, ஃப்ரீசரா? பூச்சி விழுந்த புத்தகத்துக்கு எது கேக்கும்

எங்கப்பா வாரப் பத்திரிகைல வந்த தொடர்கதையெல்லாம் கிழிச்சு சேர்த்து பைண்ட் பண்ணி வச்சிருந்தார், மொத்தம் 14 வால்யூம். போன மழைக்காலம் முடிஞ்சு பரண்லேர்ந்து ட்ரங்குப் பெட்டிய இறக்கினா அடியில ரவை மாதிரி பொடி. ஒண்ணை எடுத்துப் பாத்தா அட்டைல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, அது நேரா நாப்பது அம்பது பக்கம் உள்ள போகுது, முதுகுல பசை இருக்கற இடத்துல வெள்ளையா ஒரு புழு வளைஞ்சு படுத்திருக்கு. மைதா பசைதான் அதுக்கு சாப்பாடு, அதனாலதான் பழைய பைண்டர்ங்க பசை காச்சும்போதே மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவாங்க, இதுல போடல போல.

ஸ்ப்ரே அடிச்சா பேப்பர் கறையாகும்னு பயம். அதனால எவர்சில்வர் டிரம்முல புத்தகத்தை விரிச்ச மாதிரி நிக்க வச்சு, மூடியச் சுத்தி பிரவுன் டேப் ஒட்டி, ஒவ்வொரு பொருளா 10 நாள் வச்சுப் பாத்தேன்.

முதல்ல கற்பூரம், வீட்டுலயே இருக்கறது. திறந்தப்ப அடியில வண்டு (அந்தப் புழு வளர்ந்தா ஆகறது) செத்துக் கிடந்துச்சு, சந்தோஷமா முதுகைப் பிரிச்சுப் பாத்தா உள்ள புழு நெளியுது. வெளிய அலையற வண்டுக்கு ஆவி படுது, பொடியை அடைச்சுக்கிட்டு சுரங்கத்துக்குள்ள இருக்கற புழுவுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. இன்னொண்ணு, இப்ப கடையில விக்கற பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் மரத்துலேர்ந்து வர்றதில்ல, டர்பன்டைன்லேர்ந்து தயாரிக்கறது, இயற்கைன்னு நம்பி வாங்கறவங்க தெரிஞ்சுக்கோங்க.

சில பேர் பலமா இருக்கட்டும்னு கற்பூரத்தோட பாச்சை உருண்டையும் சேர்த்துப் போடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். நாப்தலின் பாச்சை உருண்டை தனியா 80 டிகிரியில உருகும், கற்பூரத்துக்கு 170க்கு மேல வேணும், ஆனா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா நம்ம ஊரு சித்திரை வெயில் சூட்டுக்கே இளகி எண்ணெய் மாதிரி ஆயிடும், பட்டுப்புடவையோ பேப்பரோ பட்டா கறை போகாது. அது மட்டுமில்ல, பாச்சை உருண்டை வச்ச துணிய அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போட்டா, G6PD குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா இருக்கறது) இருக்கற குழந்தைக்கு ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வர்ற அளவுக்குப் போகும்.

நீலகிரி தைலம் நான் பாத்ததுலயே வேகமானது. பஞ்சுல நனைச்சு சின்ன கிண்ணத்துல வச்சேன், புத்தகத்து மேல சொட்டு படக்கூடாது, பட்டா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆயிடும். அதுல இருக்கற சினியோல்ங்கற பொருள்தான் பூச்சிய சாய்க்குது. வண்டும் போச்சு, மேலாப்புல இருந்த புழுவும் போச்சு, ஆனா முட்டை தாங்கிடுச்சு போல, ரெண்டு வாரம் கழிச்சு புதுசா பொடி உதிர்ந்துச்சு. அதனால இதைச் செஞ்சா ஒரு தடவையோட விடாதீங்க, முட்டை பொரியற டைம் விட்டு மறுபடி மூடணும். மூடியத் திறக்கறப்ப மொட்டை மாடில வச்சுத் திறங்க, கண்ணு எரியும். பிளாஸ்டிக் டிரம்மு வேண்டாம், தைலம் சில பிளாஸ்டிக்க இளக்கிடும். எந்த டிரம்மா இருந்தாலும் அதுல அப்புறம் அரிசி கொட்டாதீங்க.

வேப்பிலை, ஆவிக்கு உதவாது. வேம்புல வேலை செய்யற அசாடிராக்டின் காத்துல பரவற சமாச்சாரமே இல்ல, பூச்சி தின்னாதான் படும்.

வசம்பு விஷயம் வேற. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துல ஏட்டுக்கும் புத்தகத்துக்கும் வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், பட்டை, மிளகு பொடிச்சு கற்பூரம் சேர்த்து துணில முடிஞ்சு வைக்கற பழக்கம் உண்டு. நானும் அதே மாதிரி முடிச்சு வச்சேன். உள்ள இருந்த புழு ஒண்ணும் சாகல, ஆனா பூச்சி இல்லாத பெட்டில வச்சது இன்னிக்கு வரைக்கும் சுத்தமா இருக்கு. வராம காக்கறதுக்கு இதை அடிச்சுக்க ஒண்ணுமில்ல, வந்ததைக் கொல்ல இது பத்தாது.

கொல்றதுக்கு நான் கடைசியா நம்பினது ஆவியே இல்ல, ஃப்ரீசர்தான். மியூசியம்லயெல்லாம் மைனஸ் 20ல ஒரு வாரம் வைப்பாங்க, நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 போகும்னா ரெண்டு வாரம் வைங்க. பாலித்தீன் கவர்ல காத்தை அமுக்கி எடுத்து டேப் ஒட்டிடணும், வெளிய எடுத்ததும் ஒரு நாள் முழுக்க கவரைப் பிரிக்காதீங்க, பிரிச்சா புத்தகம் வேர்த்து பூஞ்சை வந்துரும். 14 வால்யூமையும் ரெண்டு ரெண்டா வச்சு எடுக்க மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, அம்மா ஐஸ்கிரீம் வைக்க இடமில்லன்னு சொல்லிட்டே இருந்தாங்க, ஆனா முட்டைலேர்ந்து எல்லாம் காலி. அதுக்கப்புறம்தான் வசம்பு முடிச்சோட பெட்டில அடுக்கினேன், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முடிச்சை மாத்தறேன்.

பாட்டியோட மரப்பாச்சி ஜோடிலயும் பொடி உதிருது. வார்னிஷ் பூசினது, ஃப்ரீசர்ல வச்சா வெடிச்சுருமோன்னு பயந்து இன்னும் தனியா ஒரு டப்பால மூடி வச்சிருக்கேன், யாராச்சும் மரப்பாச்சிய ஃப்ரீசர்ல வச்சுப் பாத்திருந்தா சொல்லுங்க.