பூம்புகாரா, புதிய உலகமா?

புராணகால மாயக்கதை எழுத உட்கார்ந்தால் முதல் கேள்வி இதுதான்: காவிரிப்பூம்பட்டினத்தில் கதையை வைப்பதா, பெயரே இல்லாத உலகத்தை நாமே படைப்பதா?

புகாரில் பாதி வேலை முடிந்திருக்கிறது. சிலப்பதிகாரம் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. ஒன்றில் பொதி திருடியவன் கழுத்து கடுக்கச் சுமையோடு சுற்றிக்கொண்டே இருப்பான். இன்னொன்றில் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவனைப் பாசம் வீசிப் பிடித்துத் தின்னும். பாவை மன்றத்துச் சிலையோ, அரசன் நீதி தவறினால் வாய் திறக்காமல் கண்ணீர் விடும். அந்தச் சிலை ஒருநாள் அழத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலே கிடைத்துவிடும்! ஆனால் கட்டுப்பாடும் உண்டு. குழம்பில் மிளகாய் போட முடியாது. அது போர்த்துகீசியர் காலத்தில்தான் வந்தது. மிளகுதான்.

சொந்த உலகத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடவுள், பணம், வசைச்சொல் வரை எல்லாவற்றையும் நாமே உருவாக்கி, வாசகரை நம்ப வைக்க வேண்டும். முதல் ஐம்பது பக்கம் அதிலேயே போய்விடும்.

முதல் நாவல் என்றால் நான் புகாரைத்தான் சொல்வேன். அந்தப் பாவை இன்னும் யாருக்காகவோ காத்திருக்கிறது.