'முதலீட்டாளர் சந்திப்பு' என்று அழைத்தால் கட்டணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஆவணப்பட இயக்குநர்களுக்கு அந்த மின்னஞ்சல் இந்த ஆண்டும் வரத் தொடங்கியிருக்கிறது. உங்கள் படம் தேர்வாகிவிட்டது, மும்பையில் படங்களுக்கு முதலீடும் விற்பனையும் பேசும் இரண்டு நாள் சந்தை, வெளிநாட்டு முதலீட்டாளர்களுடன் நேரடிப் பேச்சு என்று இனிக்க இனிக்க எழுதிவிட்டு, கடைசி வரியில் 38,000 ரூபாய் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி தனி என்பார்கள். போன ஆண்டு இதே கடிதம் எனக்கு வந்தபோது, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் பற்றிய என் படம் பணமில்லாமல் பாதி எடிட்டில் நின்றிருந்தது. கட்டிவிட்டுப் போனேன்.

நட்சத்திர விடுதி அரங்கின் மேடைத் திரையில் ஆம்ஸ்டர்டாம், ஷெஃபீல்டு, டொராண்டோ விழாக்களின் முத்திரைகள் பளபளத்தன. அந்த விழாக்களிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. 'முதலீட்டாளர்' அட்டையோடு என் எதிரே உட்கார்ந்தவர் கல்யாண வீடியோ நிறுவனம் நடத்துகிறவர். அடுத்த மேசைக்காரர் அடுக்குமாடி கட்டி விற்பவர். உப்பளத்துக்குப் பக்கத்தில் நிலம் என்ன விலை போகிறது என்று அக்கறையாக விசாரித்தார். மூன்றாமவர் மட்டும் நேர்மையானவர். ஓடிடி வேலையை விட்டு வெகுநாளாகிறது, மதிய விருந்துக்கு வரச் சொன்னார்கள், வந்தேன் என்றார்.

இதுவரை போனது பணம் மட்டும்தான். படத்தையே பறிக்கும் வேலை இரண்டாம் நாள் மாலை நடந்தது. ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். உலக விற்பனை உரிமை மூன்று ஆண்டுகளுக்கு அவர்களுக்கு. படத்துக்கு எங்கிருந்து பணம் வந்தாலும், நானே அலைந்து வாங்கிய நல்கையானாலும் (திருப்பித் தர வேண்டாத நிதியுதவி), அதில் 30 சதவீதம் அவர்களுக்கு. 'சர்வதேசத் தயாரிப்பு'க்காக நான் மேலும் 60,000 ரூபாய் தர வேண்டும். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றதும் அதுவரை இருந்த சிரிப்பு மறைந்தது. என்னோடு வந்திருந்த ஓர் இளம் இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பின்னால் அவருக்கு முறையான நல்கை ஒன்று கிடைத்தது. கூடவே, அதில் பங்கு கேட்டு வக்கீல் நோட்டீசும் வந்தது.

வெளிநாட்டு நன்கொடையை எங்கள் அறக்கட்டளையில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய நன்கொடையை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. இதைக் கேட்டபோது, அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றார் அமைப்பாளர். வழி தெரிந்தவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கட்டணம் வாங்கினாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. பெயர்பெற்ற சந்தைகளிலும் அனுமதி அட்டைக்குப் பணம் உண்டு. ஆனால் யார் வருகிறார்கள், எந்தத் தொலைக்காட்சியிலிருந்து, எந்த நிதியத்திலிருந்து என்று அங்கே முன்கூட்டியே தெரியும். என்னிடம் பணம் வாங்கியவர்கள் கடைசிவரை பெயர்ப் பட்டியல் தரவில்லை. 'ரகசியம் காக்க வேண்டும்' என்றார்கள். நிதி தருகிறவர்களைப் பாருங்கள்: அமெரிக்காவின் சன்டான்ஸ் நிறுவனம் தரும் ஆவணப்பட நிதிக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கலைகளுக்கு நல்கை தரும் பெங்களூர் அமைப்பான இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸுக்குத் (ஐஎஃப்ஏ) தமிழிலேயே திட்டம் எழுதி அனுப்பலாம். நம்மில் பலருக்கு இது தெரியாததால்தான், வழவழப்பான ஆங்கிலத்தில் வரும் அழைப்பு பெரிதாகத் தெரிகிறது. ஆவணப்படங்கள் எடுத்துவந்த அரசு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைக்கப்பட்ட பிறகு எந்தக் கதவைத் தட்டுவது என்று புதியவர்கள் திணறுகிறார்கள். அந்தத் திணறலில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த ஆண்டு சந்தைக்குப் பாதிக் கட்டணம் போதும் என்று பதில் வந்தது!

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மும்பைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. நான் புகார் கொடுத்துவிட்டேன். அதே சந்தையின் ரசீது வைத்திருப்பவர்கள், அழைப்பு மின்னஞ்சலை அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.