அரை மராத்தான்: தனியே ஓடுவதா, தோழியோடு ஓடுவதா?

முதல்முறை அரை மராத்தானுக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எந்தக் காலணி வாங்கலாம்? கூட ஓட யாரையாவது சேர்த்துக்கொள்ளலாமா? காலணியை அவரவர் பாதம்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் உண்டு. சிங்கப்பூரில் ஓடுவதாக இருந்தால், 21.1 கிலோமீட்டரையும் நண்பர் ஒருவரோடு சேர்ந்தே ஓடுங்கள். தொடக்கக் கோட்டில் மட்டுமல்ல, முடிவுக் கோடு வரைக்கும். நான் தனியாகவும் ஓடியிருக்கிறேன், வேகம் காட்டி முன்னே ஓடும் பேஸர் பின்னாலும் ஓடியிருக்கிறேன், பக்கத்து புளோக்கில் இருக்கும் தோழியோடும் ஓடியிருக்கிறேன். இனி என் தேர்வு தோழிதான்.

தனி ஓட்டத்தின் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததே. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், யாரையும் காக்க வைக்கவும் வேண்டாம். உடம்பு ஒத்துழைக்கும் நாளில் ஆசை தீர ஓடலாம். சொந்த நேரத்தை முறியடிப்பதுதான் குறிக்கோள் என்றால் இதற்கு ஈடு இல்லை. என் வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், தோழிக்கு ஏழரை. சேர்ந்து ஓடும்போது நான்தான் அவள் வேகத்துக்கு இறங்கி வருகிறேன். 2 மணி 28 நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஓட்டம் 2 மணி 38 நிமிடமாக நீள்கிறது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தவருக்குப் பத்து நிமிடம் பெரிய விலைதான். அதைக் கொடுக்க மனம் வராதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குறிப்பிட்ட நேரத்தில் ஓட்டத்தை முடித்துக் காட்டுவதற்காகவே சில ஓட்டங்களில் பேஸர்கள் இருப்பார்கள். நேரம் எழுதிய பலூனையோ கொடியையோ பார்த்துக்கொண்டு பின்னால் போனால் போதும். ஆரம்பத்தில் வேகத்தைக் கொட்டிவிடுகிறவர்களுக்கு இது நல்ல கடிவாளம். ஆனால், பேஸருக்குப் பொறுப்பு அந்த நேரத்தின் மீதுதான். நீங்கள் கழிவறைக்குப் போனாலோ, தண்ணீர் மேசையில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாலோ அவர் நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது. அந்தக் கொடியைப் பிடிப்பதற்காக இடையில் விரைவதுதான் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஆபத்து.

முடிவைத் தீர்மானிப்பதும் அந்தப் புழுக்கம்தான். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பித்தான் அதிகாலையில் ஓடுகிறோம். வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி இருப்பது உண்மைதான். ஆனால், காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அந்த வேளையில்தான். 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே வழக்கம். ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. வியர்வை ஆவியானால்தான் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி உடம்பை விட்டுப் போகும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சட்டை நனையும், காலுறை நனையும், உடம்பு மட்டும் ஆறாது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு படிப்படியாக ஏறுவது அதனால்தான்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் 2023 முதல் வெப்ப அழுத்த நிலையைக் குறைவு, மிதம், அதிகம் என்று மூன்றாகப் பிரித்து அறிவிக்கிறது. நல்ல ஏற்பாடு, நானும் பார்ப்பேன். ஆனால், விடியற்காலையில் அது பெரும்பாலும் ‘குறைவு’ என்றுதான் காட்டும். அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது. ஓடுகிறவரின் உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் சூட்டை அந்த அளவீடு அறியாது.

கைக்கடிகாரம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இதயத்துடிப்பைக் காட்டும் கடிகாரம் உதவும்தான், நானும் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறேன். ஆனால், சூடு எல்லை மீறும்போது முதலில் தடுமாறுவது நம் நிதானம். தலைசுற்றல், குமட்டல் என்றால் நமக்கே தெரியும். குழப்பம் அப்படியல்ல. குழம்பியிருக்கும் மூளையே ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சான்றிதழ் கொடுத்துவிடும். கடிகாரத்தில் எண் சிவப்பாக எரிந்தாலும், அதைப் படித்து முடிவெடுக்க வேண்டியது அதே மூளைதானே. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும்.

தோழிக்கும் எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒருத்தி மற்றவளிடம், “மத்தியானம் என்ன சமையல்?” என்று கேட்க வேண்டும். மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. தோழி சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் லேசில் நிறுத்த மாட்டாள். தேக்கா சந்தையில் எந்த மீன் நன்றாக இருந்தது, குழம்புக்குப் புளியை எப்போது விட வேண்டும் என்று அடுத்த விளக்குக் கம்பம் தாண்டியும் போகும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் அதே கேள்வியைக் கேட்டேன். “சோறு” என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். புழுக்கத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்த அவள் கையில் மயிர்க்கூச்செறிந்து புள்ளி புள்ளியாக நின்றது. சூட்டில் உடம்பு சிலிர்ப்பது நல்ல அறிகுறி அல்ல. உடனே ஓட்டத்தை நிறுத்தினோம். கழிவறைக்கு வெளியே இருந்த குழாயில் கழுத்து, முகம், முன்கை எல்லாம் நனையும்படி தண்ணீரை விட்டேன். நிழலில் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து, “நான் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தேன், ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்டாள். அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள். அந்த இடத்தில் அவள் தனியாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பத்து நிமிட இழப்பை நான் கணக்கில் எடுக்காததற்கு இதுதான் காரணம்.

பலர் ஒரு நடுவழி சொல்வார்கள்: 15 கிலோமீட்டர் வரை ஒன்றாக ஓடிவிட்டு, பிறகு அவரவர் வேகத்தில் பிரிந்துவிடலாம் என்று. கேட்க நியாயமாகத் தோன்றும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் 15 கிலோமீட்டரில் துணை கிடைத்தால் மகிழ்ச்சி, அவ்வளவே. உடம்பில் சூடு சேர்ந்து, தண்ணீர் வற்றி, காலும் தளர்ந்திருக்கும் கடைசி ஆறு கிலோமீட்டரில்தான் துணை தேவைப்படுகிறது. முடிவுக் கோடு நெருங்குகிறது என்ற ஆவேசத்தில் வேகத்தைக் கூட்டுவதும் அங்கேதான். பிரியத்தான் வேண்டும் என்றால் முதல் பாதியில் தனியாக ஓடிவிட்டு, பின்பாதியில் சேர்ந்துகொள்வதே அறிவுடைமை. போட்டி நாளில் அது நடக்கிற காரியமில்லை.

சேர்ந்து ஓடுவதில் மற்ற லாபங்களும் உண்டு. காலை ஐந்து மணிக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்றால் போர்வையை உதறித்தான் ஆக வேண்டும். பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கும் முன்பே போய்ச் சேர வேண்டிய ஓட்டங்களுக்கு டாக்சிக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பூங்கா இணைப்புப் பாதைகள் பல இடங்களில் குறுகலானவை. பின்னால் சைக்கிள் மணி கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு முன்னும் பின்னுமாக ஒதுங்க வேண்டியிருக்கும்.

பெயர் பதியும்போதே ஒன்றைக் கவனியுங்கள். பெரிய ஓட்டங்களில், எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று நீங்கள் தரும் கணக்கை வைத்தே தொடக்கப் பிரிவுகளைப் பிரிக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தை, அதாவது மெதுவாக ஓடுபவரின் நேரத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒருவர் புறப்பட்ட பிறகும் மற்றவர் தடுப்புக்குப் பின்னால் நிற்க நேரிடும். ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் ஏற்பாடு எளிது: மருத்துவக் குழுவின் கையில் ஒப்படைக்கும் வரை மற்றவள் நகரக் கூடாது.

எங்களுக்கு இடையே அரை நிமிட வித்தியாசம்தான். கிலோமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் வித்தியாசம் உள்ளவர்கள் சேர்ந்து ஓடினால் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்ததில்லை. வேகமானவருக்கு அத்தனை நேரம் நடையை அடக்கிக்கொண்டு ஓடுவதே வலியாகலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கத் துடிப்பவர்களின் கணக்கும் வேறு. அவர்களுக்குத் தனி ஓட்டமோ பேஸரோ பொருந்தலாம். அப்படிப் போகிறவர்கள் மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது, என்ன நோய், என்ன மருந்து என்று எழுதுவதற்குப் பல ஓட்டங்களில் இடம் விட்டிருப்பார்கள். இடம் இல்லாவிட்டாலும், அழியாத மையில் எழுதிவிட்டு ஓடுங்கள்.