யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ: பலாலியா, கட்டுநாயக்காவா?

அம்மாவை ரொறன்ரோவில் இருக்கிற அக்காவிடம் அனுப்ப மூன்று நாளாக போனோடு மல்லுக்கட்டினேன். இலங்கையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, எங்கேயாவது மாறித்தான் ஏறவேண்டும். முதலில் ஏறுவது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலா, கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலா என்பதுதான் கேள்வி.

தூரத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர் (அந்தக் கோடு வடதுருவப் பக்கமாகப் போகிறது, சுவரில் தொங்குகிற வரைபடத்தை நம்பாதீர்கள்). டுபாயில் மாறினால் 14,370 அளவில், லண்டனில் மாறினால் 14,420. பலாலியில் ஏறி சென்னை, டுபாய் என்று போனாலும் 14,370தான். பறக்கிற நேரமும் பதினெட்டரையிலிருந்து பத்தொன்பதரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும்.

ஆக, ஆளை அலைக்கழிப்பது வானமில்லை, தரை.

வீட்டிலிருந்து பலாலி அரை மணித்தியாலம், அங்கிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. எழுபது சொச்சம் பேர் ஏறுகிற ஏடிஆர் விமானம். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, இடையில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ரிக்கெற் இரண்டு துண்டாக இருந்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். அடுத்த விமானம் விடியற்காலை என்றால் இரவு முழுக்கக் காத்திருப்பு, கட்டுநாயக்காவுக்குப் பஸ்ஸில் போகாமல் மிச்சம் பிடித்த நேரம் அங்கே போய்விடும்.

கட்டுநாயக்கா என்றால் இரவு பஸ்ஸில் கிட்டத்தட்ட எட்டு மணித்தியாலம், முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. புத்தளம் வழியாகப் போகிற பஸ் என்றால் கொழும்புவரை போகாமலே இறங்கலாம் என்பது ஒரு ஆறுதல். அப்புறம் டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கிருந்து ஒரே மூச்சில் பதினாலு. லண்டன் வழி என்றால் பதினொன்றும் எட்டும், நடுவில் எழும்பி நடக்கலாம். ஆனால் ஸ்ரீலங்கன் மூன்றாம் முனையத்தில் இறக்கும், எயார் கனடா இரண்டாம் முனையத்தில் ஏற்றும். ஆங்கிலம் தெரியாத 68 வயது அம்மாவைத் தனியே அங்கே விட எனக்கு மனமில்லை.

இன்னொன்று, ரிக்கெற்றில் உள்ள நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். விடிய 3 மணிக்கு ஏறி அன்றே பின்னேரம் 4 மணிக்கு இறக்கம் என்று போட்டிருக்கும். பதின்மூன்று மணித்தியாலம் என்று அம்மா சந்தோசப்பட்டா. ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், அதையும் கூட்டினால் இருபத்திரண்டரை. திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் டுபாய் வரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

கையில் ஒரு பையோடு போகிற இளம் ஆள், ஒரே ரிக்கெற்றில் சென்னை வழி பொருந்தினால், பலாலியில் ஏறட்டும். நான் அம்மாவுக்கு டுபாய் வழிதான் போட்டேன், சக்கர நாற்காலி உதவியும் கேட்டு. பஸ்ஸை விட்டுவிட்டு வான் பிடிக்கிறோம். முடிவைச் சொன்னபோது அவ கேட்டது ஒன்றுதான்: "எத்தனை கிலோ விடுவாங்கள் தம்பி?" 23 கிலோவில் இரண்டு சூட்கேஸ் என்றேன். மிளகாய்த்தூள் இடிக்கக் கொடுத்தாச்சு, பனங்கிழங்கு ஒடியல் வெயிலில் காயுது.